ட்ரவுட் மீனின் சுழல்நோயும் அது தரும் படிப்பினையும்

உயிரியலைத் தமிழிற் கற்பிக்கும் இலங்கைப் பாடநூல்கள், ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் கொடுத்துத் தாங்கும் உயிரை "விருந்து வழங்கி" எனப் பெயரிட்டு வழங்குகின்றன. விருந்தோம்பலை இல்வாழ்வானின் தலையாய கடமைகளுள் ஒன்றாகப் போற்றிய மக்களின் மொழியில் இப்பெயர் அமைந்தது பொருத்தமுடையதே. அழையாமல் வந்து, கேளாமல் உண்டு, போகாமல் தங்கும் விருந்தே ஒட்டுண்ணி. எனினும், நெடுங்காலம் ஒரு வீட்டிலேயே தங்கிப் பழகிய விருந்து அவ்வீட்டைக் கொளுத்த விரும்புவதில்லை. விருந்து வழங்கி முற்றாக அழிந்தால் ஒட்டுண்ணிக்கும் இருப்பிடம் இல்லாமற் போகும். ஆதலின், பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஈருயிர்களுக்கிடையே பெரும்பாலும் ஒருவகை உடன்பாடு நிலவுகின்றது. அவ்வுடன்பாடு குலைவது எப்பொழுது, அதனைக் குலைப்பவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்குக் குளிர்நீர் ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

ட்ரவுட், சால்மன் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இனங்களுள் இரண்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. ஒன்று கபில நிற ட்ரவுட். இதன் தாயகம் ஐரோப்பாவும் அதனை அடுத்த நிலங்களும் ஆகும். மற்றொன்று வானவில் ட்ரவுட். உடலின் பக்கங்களில் இளஞ்சிவப்புப் பட்டை உடைய இம்மீன் பசிபிக் சமுத்திரத்தை அடுத்த வட அமெரிக்க ஆறுகளுக்கும் ஆசியாவின் கம்சட்கா நிலத்திற்கும் உரியது. இரண்டும் தெளிந்த, குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடுநீரையே நாடுவன. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டுமாயின் அவை அல்லலுறத் தொடங்கும்.

இத்தகைய மீன் வெப்ப வலயத் தீவாகிய இலங்கைக்கு வந்தது மனிதன் செய்த ஏற்பாட்டினாலேயே. 1882ஆம் ஆண்டிற் கபில நிற ட்ரவுட் நுவரெலியா நீர்நிலைகளில் முதன்முதலாக விடப்பட்டது. பின்னர் வானவில் ட்ரவுட்டும் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமார் தூண்டிலிட்டுப் பொழுதுபோக்குவதற்காகவே இம்முயற்சி நடைபெற்றது. இரண்டனுள் வானவில் ட்ரவுட்டே மலைநாட்டில் தானாக இனம்பெருக்கி நிலைபெற்றது. பதுளையிலிருந்து புகையிரதத்தில் ஏறிப் பண்டாரவளை, அப்புத்தளை ஆகியவற்றைக் கடந்து ஓஹியாவில் இறங்கி மேலே செல்வோர் ஹோர்ட்டன் சமவெளியை அடைவர். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அச்சமவெளியின் ஓடைகளில் இம்மீனை இன்றும் காணலாம். ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையின் ஆற்று நீரோ அதற்கு ஒவ்வாத வெப்பமுடையது. இந்தியாவிலும் இவ்வாறே பல்லாண்டு முயற்சிக்குப் பின்னர் நீலகிரி மலையின் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் நிலையம் நிறுவப்பட்டது.

இனி, அதே காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்ததை நோக்குதல் வேண்டும். விரைந்து வளரும் இயல்புடைய வானவில் ட்ரவுட்டை அமெரிக்காவிலிருந்து வருவித்து ஜேர்மனியர் தம் பண்ணைகளில் வளர்த்தனர். 1893ஆம் ஆண்டில் அப்பண்ணைகளின் மீன்குஞ்சுகளிடையே புதுமையான நோயொன்று காணப்பட்டது. புரூனோ ஹோபர் என்னும் ஜேர்மானிய அறிஞர் அதனை ஆராய்ந்து விவரித்தார். நோயுற்ற குஞ்சு இரை தேடும்போதோ அஞ்சி ஓடும்போதோ நேராக நீந்த மாட்டாமல் தன் வாலைத் தானே துரத்துவதுபோல வட்டமிட்டுச் சுழலும். களைத்தபின் அடித்தளத்தில் வீழ்ந்து கிடக்கும். இதுபற்றியே இதற்குச் சுழல்நோய் என்னும் பெயர் ஏற்பட்டது. வாற்பகுதி கரிய நிறம் அடைதலும், தலையோடு ஒடுங்கிக் குழிவிழுதலும், முள்ளந்தண்டு கோணுதலும் இதன் பிற குறிகள். இரை பிடிக்க இயலாமலும் பகையுயிர்களிடமிருந்து தப்ப மாட்டாமலும் குஞ்சுகள் பெருந்தொகையாக மடிந்தன. அதே நீரில் வாழ்ந்த கபில நிற ட்ரவுட் மீனோ அவ்வொட்டுண்ணியைத் தன் உடலில் தாங்கியும் பெரும்பாலும் நலத்துடனேயே இருந்தது.

நோயை விளைவிக்கும் உயிர் மிக்சோபோலசு செரிபிராலிசு எனப்படும் நுண்ணிய ஒட்டுண்ணி. "செரிபிராலிசு" என்னும் சொல் மூளையைச் சுட்டுமாயினும், இவ்வுயிர் மூளையை உண்பதில்லை. குருத்தெலும்பே இதன் உணவு. இளங்குஞ்சின் எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பால் ஆனது. வளர வளரவே அது கடின எலும்பாக மாறும். ஒட்டுண்ணி மீனின் தோலினூடே புகுந்து, நரம்புகளின் வழியே சென்று, தலையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள குருத்தெலும்பை அடைந்து, அதனைக் கரைத்து உண்ணுகின்றது. அவ்விடத்தில் உண்டாகும் அழற்சியும் வீக்கமும் மூளையின் அடிப்பகுதியையும் முண்ணாணையும் நெருக்குகின்றன. சுழற்சிக்கு இந்நெருக்கமே காரணம் என்பர். நிறத்தை ஆளும் நரம்புகள் நசுங்குவதனால் வால் கருமையடைகின்றது. பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுக்கு இந்நோய் கொடியதாகவும், எலும்பு முற்றிய மீனுக்கு ஊறு குறைந்ததாகவும் இருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

நோயின் குறிகள் தெளிவாயிருந்தும், அது ஒரு மீனிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் வழி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. நோயுற்ற மீனில் எண்ணிலடங்கா வித்திகள் காணப்பட்டன. ஆனால், அவ்வித்திகளை நலமுள்ள குஞ்சுக்கு நேரே ஊட்டினால் நோய் தோன்றவில்லை. அவற்றையே சேற்றில் இட்டுச் சில மாதங்கள் வைத்திருந்து, பின்னர் அந்நீரிற் குஞ்சுகளை விட்டால் நோய் தோன்றியது. எனவே, வித்திகள் சேற்றிற் கிடந்து முதிர்ச்சி பெற வேண்டும் என ஆய்வாளர் எண்ணினர். அவர்களின் பார்வை வித்திகளின் மேலேயே இருந்தது. அச்சேற்றில் வேறு யாது உயிர் வாழ்கின்றது என்னும் வினா பின்னரே எழுந்தது.

அமெரிக்க ஆய்வாளராகிய கென் வுல்ப், மரியா மார்க்கிவ் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினர். சேற்றில் வாழும் தியூபிபெக்சு என்னும் மெல்லிய செம்புழுவே இவ்வொட்டுண்ணியின் மற்றொரு விருந்து வழங்கி என்பதை அவர்கள் காட்டினர். கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்ப்போர் இரையாக இடும் சிவந்த புழுக்கூட்டத்தை அறிந்த மாணவர்க்கு இப்புழு புதியதன்று. இப்புழுக்களிலிருந்து வெளிப்படும் மூன்று கைகளையுடைய நுண்ணுயிரொன்றை விலங்கியலார் முன்னரே அறிந்திருந்தனர். அதனைத் தனியொரு வகுப்பிற் சேர்த்துத் தனிப்பெயரும் இட்டிருந்தனர். மீனில் வாழ்வதும் புழுவில் வாழ்வதும் ஒரே உயிரின் இரு பருவங்களே என வுல்ப்பும் மார்க்கிவ்வும் கூறியபோது பலர் எளிதில் நம்பவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பாவில் நடந்த சோதனைகள் அக்கூற்றை உறுதிப்படுத்தின. இருவேறு வகுப்புகளாகப் பகுக்கப்பட்டவை ஒன்றாயின. விலங்கியல் நூல்களும் திருத்தப்படலாயின.

அவ்வுயிரின் வாழ்க்கை வட்டம் வருமாறு: நோயுற்ற மீன் இறந்து அழுகும்போது கடின உறையுடைய வித்திகள் சேற்றிற் கலக்கின்றன. மீனை உண்ட கொக்கு முதலிய பறவைகளின் எச்சத்தோடும் அவை அழியாமல் வெளிப்படும். உறைபனிக் குளிரையும் தாங்கும். சேற்றை உண்ணும் செம்புழுவின் குடலில் வித்தி திறந்து, குடற்சுவரிற் புகுந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் புதிய வடிவம் பெறுகின்றது. நங்கூரம்போல மூன்று நீண்ட கைகளை விரித்த அவ்வடிவம் நீரில் மிதந்து செல்லும். சில நாட்களுக்குள் ட்ரவுட் குஞ்சு ஒன்றைத் தொடாவிடின் அஃது இறந்துபடும். தொட்டுவிட்டாலோ, தன்னகத்தே சுருண்டு கிடக்கும் நூல்களை விசையுடன் எறிந்து மீனின் தோலைப் பற்றிக்கொண்டு, அதனுள்ளே தன் உயிரணுக்களைச் செலுத்துகின்றது. மீண்டும் ஏறத்தாழ மூன்று மாதங்களில் குருத்தெலும்பினுள் வித்திகள் நிறைகின்றன. புழுவின்றி மீனுக்கு நோயில்லை. மீனின்றிப் புழுவுக்கும் தொற்றில்லை.

நூலெறியும் இவ்வியல்பைக் கற்றோர் கடலில் மிதக்கும் சொறிமுட்டையையும் குளத்து ஐதராவையும் நினைவுகூர்வர். அவையும் சுருண்ட நூலை எறிந்தே இரையைப் பற்றுவன. முன்னர்ப் புரோட்டோசோவா எனக் கருதப்பட்ட இவ்வொட்டுண்ணிகள் உண்மையில் சொறிமுட்டையின் கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதைப் பரம்பரை அலகுகளின் ஆராய்ச்சி நிறுவியுள்ளது. ஒட்டி வாழும் வாழ்வை மேற்கொண்டமையால் வாயும் வயிறும் இழந்து, சில உயிரணுக்களே எஞ்சிய நிலையிலும், தம் முன்னோரின் படைக்கலத்தை அவை கைவிடவில்லை.

இவ்வொட்டுண்ணி அமெரிக்காவை அடைந்த வரலாறு சிந்தனைக்குரியது. 1956ஆம் ஆண்டிற் பென்சில்வேனியா மாநிலத்தில் இது கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து உறைய வைத்து அனுப்பப்பட்ட மீனோடு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. வானவில் ட்ரவுட்டின் சொந்த நாட்டிற்கே, அதனை அங்கிருந்து கொண்டுசென்ற மனிதன் அதற்குரிய நோயையும் திருப்பிக் கொணர்ந்தான். பல ஆண்டுகள் இது பண்ணைகளின் நோயாகவே எண்ணப்பட்டது. 1990களிலேயே காட்டாறுகளில் இதன் கேடு முழுமையாகத் தெரியவந்தது. மொன்டானா மாநிலத்தின் மடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் வானவில் ட்ரவுட் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அருகிவிட்டமை 1994ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கொலராடோ மாநிலத்தின் ஆறுகளிலும் குஞ்சுகள் ஆண்டுதோறும் பிறந்தும் வளரும் முன்னரே மடிந்தன. முதிர்ந்த மீன்கள் நீரில் நீந்திக்கொண்டிருந்தமையால் வறுமை வெளியே தெரியவில்லை. அவை மூப்பெய்தி மறைந்தபோதே ஆறு வெறுமையாயிற்று. 2016ஆம் ஆண்டிற் கனடாவின் பான்ஃப் தேசிய பூங்காவிலும் இந்நோய் கண்டறியப்பட்டது.

கபில நிற ட்ரவுட் தப்புவதும் வானவில் ட்ரவுட் வீழ்வதும் ஏன்? கபில நிற ட்ரவுட்டும் இவ்வொட்டுண்ணியும் ஐரோப்பிய ஆறுகளில் நெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்தவை. வலுவிழந்தவை தலைமுறைதோறும் மடிய, தாங்கவல்லவை எஞ்சின. அவ்வாறு தேறிய மீனே இன்றுள்ளது. வானவில் ட்ரவுட்டின் முன்னோர் அவ்வொட்டுண்ணியை ஒருபோதும் கண்டிலர். இவ்விளக்கத்திற்கு உறுதியான சான்றும் உண்டு. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலுள்ள பண்ணையொன்றில் நூறாண்டுக்கும் மேலாக இவ்வொட்டுண்ணியோடு வாழ்ந்த வானவில் ட்ரவுட் வழியினம் நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தது. 2000களில் அவ்வினத்தை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்று அந்நாட்டு மீனோடு கலப்புச் செய்து கொலராடோ ஆறுகளில் விட்டனர். அவற்றுட் சில ஆறுகளிற் குஞ்சுகள் மீண்டும் பிழைத்து வளர்கின்றன. நூறாண்டு இழப்பின் பின்னர் விளைந்த உடன்பாடே அவ்வாற்றலின் மூலம்.

பழைய உடன்பாடு குலைவதற்கு மனிதன் மீனை இடம்பெயர்த்தல் மட்டுமே காரணம் அன்று. நீரின் தன்மையை மாற்றுதலும் காரணமாகும். ட்ரவுட்டின் சிறுநீரகத்தை வீங்கச்செய்யும் மற்றொரு நோய் உண்டு. அதனை விளைவிப்பதும் சொறிமுட்டைக் கூட்டத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணியே. அதன் மற்றொரு விருந்து வழங்கி, பாசிபோலக் கல்லிலும் வேரிலும் படர்ந்து வாழும் பிரையோசோவா என்னும் நுண்விலங்கு. நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழ் இருக்குமளவும் இந்நோய் பெருங்கேடு செய்வதில்லை. அவ்வெல்லையைக் கடந்து பல நாட்கள் நீடித்தால் மீன்கள் மடியத் தொடங்கும். சுவிற்சர்லாந்தின் ஆறுகளிற் கபில நிற ட்ரவுட் அருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளப்படுகின்றது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மொன்டானாவின் யெலோஸ்டோன் ஆற்றில் ட்ரவுட்டின் உறவினமாகிய வெண்மீன் ஆயிரக்கணக்கில் இதனால் இறந்து மிதந்தது. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளத்திற்கு ஆற்றில் மீன்பிடித்தலும் படகு செலுத்தலும் நிறுத்தப்பட்டன. பழைய விருந்தே ஆயினும், வீட்டில் வெப்பம் மிகுந்தபோது அது பகையாயிற்று.

இனி, இலங்கையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அக்காலத்தில் ட்ரவுட் கடல் கடந்து சென்றது பெரும்பாலும் முட்டை வடிவிலேயே. பனிக்கட்டியும் ஈரப்பாசியும் இட்ட பெட்டிகளில் முட்டைகளை அடுக்கிக் கப்பலில் அனுப்பும் முறை, 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியாவிற்கு அவற்றை உயிருடன் சேர்ப்பித்தபோது வெற்றிகண்டது. சுழல்நோயின் ஒட்டுண்ணி குருத்தெலும்பில் வாழ்வது. தாய்மீனின் முட்டைக்குள் அது புகுவதில்லை. சேறும் புழுவும் இன்றி முட்டை மட்டும் வந்த இடத்திற்கு அந்நோயும் உடன் வரவில்லை. முட்டையை அனுப்பியோர் நோயைத் தடுக்கும் நோக்கம் உடையோர் அல்லர். உயிருள்ள மீனை அத்துணைத் தூரம் கொண்டுசெல்ல வழியில்லாமையே காரணம். இன்று ஆகாய விமானத்தில் உயிர்மீன் ஒரே நாளிற் கண்டம் கடக்கின்றது. அன்று தடையாய் நின்ற தூரம் இன்று இல்லை.

இத்தீவின் மீன்களும் அத்தகைய கேட்டினை அறியாதவை அல்ல. 1987-88ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்த விரால், கெண்டை முதலிய மீன்களின் உடலிற் செந்நிறப் புள்ளிகள் தோன்றி ஆழ்ந்த புண்களாக மாறின. அபனோமைசிசு இன்வடன்சு என்னும் நீர்ப்பூஞ்சண வகையே அதன் காரணம். 1971இல் யப்பானிலும், 1972இல் அவுஸ்திரேலியாவிலும், அதன்பின் தென்கிழக்காசியாவிலும் காணப்பட்ட அந்நோய், இலங்கையைத் தொட்டு, 1988இல் இந்தியாவிலும் பரவி, 2006இல் ஆபிரிக்காவின் சாம்பசி ஆற்றையும் அடைந்தது. மழைக்குப்பின் நீர் குளிரும் காலத்தில் மீனின் எதிர்ப்பாற்றல் தளரும்போதே அது பெருகும். ட்ரவுட்டை வெப்பம் வருத்துவதுபோல விராலைக் குளிர் வருத்துகின்றது. தென்னாசிய நாடுகள் பலவற்றில் மக்கள் மீன் வாங்க அஞ்சினமையால் நன்னீர் மீனவர் வருவாய் இழந்தனர். எளிய மக்களின் உணவிலும் பிழைப்பிலும் இத்தகைய நோய் கைவைக்கும் என்பதற்கு இது சான்று.

ஊவா மாகாணத்தார்க்கு இப்பாடம் இன்னும் நெருங்கியது. பசறைக்கு அயலிலுள்ள மடூல்சீமைத் தோட்டமொன்றிலேயே 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையில் மஞ்சட் புள்ளிகள் முதன்முதலாகக் காணப்பட்டன. அதுவும் ஓர் ஒட்டுண்ணியே; எமிலியா வஸ்டாற்றிக்சு என்னும் துருப்பூஞ்சணம். ஆபிரிக்காவிற்கு உரிய கோப்பிச் செடியைக் கொணர்ந்து, காடழித்து, மலைக்கு மலை அதனையே இடைவெளியின்றி நட்டமையால், வித்திகள் காற்றில் ஏறி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்திற்குத் தடையின்றிச் சென்றன. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாழ்வின் போக்கையே மாற்றிய அந்நோயும் ட்ரவுட்டின் சுழல்நோயும் இயல்பில் ஒன்றே. உயிர்களை இடம்பெயர்த்து நெருக்கி வைத்தவன் மனிதன். அதன் பயனைப் பெற்றது ஒட்டுண்ணி.

ஹோர்ட்டன் சமவெளியிலும் இச்சிக்கல் இருமுகம் கொண்டது. அங்கே ட்ரவுட் மீனே அழையா விருந்து. அவ்வோடைகளுக்கே உரியதும் உலகில் வேறெங்கும் காணப்படாததுமான கரிடினா சிங்களென்சிசு என்னும் சிற்றிறால் அதற்கு இரையாகின்றது. 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்நிலத்தின் பழைய குடிகளைக் காப்பதே முதற்கடமையாகும். புதிய மீனையோ, புதிய நீரையோ, புதிய சேற்றையோ அங்கு கொண்டுசேர்ப்பது அக்கடமைக்கு மாறானது.

ஒருமுறை காட்டாற்றிற் குடியேறிய ஒட்டுண்ணியை முற்றாக நீக்க இயலாது. பண்ணையிலோ சில வழிகள் உண்டு. மண்குளத்தை விடுத்துச் சீமெந்துத் தொட்டியில் ஊற்றுநீர் பாய்ச்சினால் செம்புழு தங்காது. குஞ்சுகளின் எலும்பு முற்றிய பின்னரே அவற்றை ஆற்றில் விடலாம். ஆற்றில் இறங்கி எழுவோர் செருப்பிலும் வலையிலும் ஒட்டிய சேற்றைக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். ஒரு குளத்து மீன்குஞ்சை மற்றொரு குளத்தில் ஆராயாமல் விடுதல் தவறு. வளர்த்துச் சலித்த வண்ணமீனைத் தொட்டிநீரோடு ஓடையில் ஊற்றுதல் இரக்கச் செயலாகத் தோன்றினும் அந்த ஓடைக்குச் செய்யும் தீங்காகவே முடியும். உமா ஓயாவும் பதுளு ஓயாவும் மகாவலி கங்கையோடு கலப்பன. ஆதலின், மலையில் ஒருவன் வாளியிலிருந்து ஊற்றியது தாழ்நிலத்துக் குளங்களையும் அடையக்கூடும்.

விருந்தோம்பும் வீட்டார் வருபவரை அறிந்தே வாசலைத் திறப்பர். ஆறுகளுக்கும் குளங்களுக்கும் அவ்வாறு அறிந்து திறக்கும் ஆற்றல் இல்லை. அவற்றின் வாசலில் நிற்கும் காவற்பொறுப்பு மனிதனுடையது. விலங்கியலைப் பாடமாகக் கற்கும் மாணவர் தியூபிபெக்சு புழுவைக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கும்போது, தொண்ணூறு ஆண்டுகள் அறிஞரின் கண்ணுக்குத் தப்பியிருந்த ஓர் உண்மை அதன் குடலில் மறைந்திருந்தது என்பதையும், சேற்றைச் சேறென்று ஒதுக்காமல் ஆராய்ந்தோரே அதனைக் கண்டனர் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.